வெந்நீர் கேட்டாள்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஏற்காடு பக்கம் வாழவந்தியில், எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது இது. மார்கழி மாசம், காபிப் பழம் பறிக்கிற நேரம். நான் ஒரு எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறேன்.

என் மனைவிக்குச் சொந்த ஊர் கீழே ஓமலூர் பக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அவளுக்கு மலைக் குளிர் ஆகாது. சித்திரையில்கூட ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டாள். இருபது வருஷமாக அதைச் சொல்லியே கேலி செய்துகொண்டிருந்தேன். மலையில் பிறந்தவன் என்ற தலைக்கனம், வேறென்ன.

அந்த வருஷம் அவளுக்குக் குடலில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, சேலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். மிச்சம் மீதி ஒளிந்திருக்கும் நோயையும் அழிக்கத்தான் இது என்றார் டாக்டர். முதல் தடவை நர்ஸ் அவளிடம் விளக்கிச் சொன்னபோது நான் மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தேன். திரும்பும்போது பஸ்ஸில், குளிர்ந்த எதையும் தொடக்கூடாதாம், குடிக்கவும் கூடாதாம் என்றாள். பழைய பாட்டுதானே என்று சிரித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை, வாந்திக்கு மாத்திரை போட வெந்நீர் கேட்டாள். கேஸ் தீர்ந்திருந்தது, விறகும் ஈரம். வேலைக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில் குடத்துத் தண்ணீரை மொண்டு நீட்டினேன்.

"வேண்டாமுங்க. தொட்டாலே கரண்டு அடிக்கிற மாதிரி இருக்குதுங்க."

"குளுரு குளுருன்னே இருவது வருசம் ஓட்டிட்ட. குடி, ஒண்ணும் ஆவாது."

நான் முறைத்துக்கொண்டு நின்றதால் குடித்தாள். டம்ளர் கீழே விழுந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு, மூச்சுத் திணறி, என்னையே பார்த்தாள். போய்விடுவாள் என்றே நினைத்தேன். சேலம் ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். பச்சைத்தண்ணீர் கொடுத்தீர்களா என்றுதான் நர்ஸ் முதலில் கேட்டார். இந்த மருந்து ஏற்றிய பிறகு குளிர்ச்சி பட்டால் தொண்டை இறுகுவதுபோல் ஆகுமாம். கழுத்தைக் கதகதப்பாக வைக்கச் சொன்னார், சரியாகாவிட்டால் உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். கம்பளியைச் சுற்றி அவளை அணைத்தபடி உட்கார்ந்தேன். சில நிமிஷத்தில் மூச்சு சீரானது. நர்ஸ் சொன்னதை அவளிடம் அப்படியே சொன்னேன்.

"அதைத்தானுங்க நானுஞ் சொன்னேன்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

மீதி மருந்தும் ஏற்றி முடிந்து, இப்போது நன்றாக இருக்கிறாள். வீட்டில் வெந்நீர் வைப்பது நான்தான். ஆனால் அன்றைக்கு அப்புறம் அவள் வாயிலிருந்து குளிருகிறது என்ற சொல்லே வரவில்லை. போர்வைக்குள் நடுங்குவது தெரிந்து நானே கேட்டாலும், "இல்லீங்க" என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். என்னிடம் சொல்லிப் பயனில்லை என்று அவள் முடிவுகட்டிவிட்டாள், அப்படி முடிவுகட்ட வைத்தவன் நான்தான்.