ஐந்தரைக் கட்டை

நான் மேடை ஏறியதே ஒரு பொய்யால்தான். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஒன்றரைக் கட்டை அளவுக்குப் பொய்.

பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். வீட்டில் பாங்க் பரீட்சைக்குப் படிப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். நானோ புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நாடகப் பாட்டுகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. கதாநாயகன், கதாநாயகி, ஆர்மோனியக்காரர் என்று ஆளாளுக்குத் தனித்தனியே பேசி வரவழைப்பார்கள். மேடைக்குப் பின்னால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். அதனால், பேச வருகிறவர் முதலில் கேட்பது, குரல் எவ்வளவு உயரம் போகும் என்பதைத்தான். பதிலை ஆர்மோனியக் கட்டைக் கணக்கில் சொல்ல வேண்டும்.

அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த விழாக் கமிட்டிக்காரர், காளவாசல் டீக்கடையில் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி எத்தனை கட்டை?"

நாலு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கண் வேறு ஆளைத் தேடிப் போனது. "அஞ்சரை" என்றுவிட்டேன்.

"அம்புட்டா?" என்று கையிலிருந்த பீடியை அணைத்தார். எனக்கு முதல் நாடகம் கிடைத்துவிட்டது.

பத்தே நாளில் சுவரெல்லாம் 'ஐந்தரைக் கட்டைச் சிங்கம்'. என் பெயர் அதற்குக் கீழே, சின்ன எழுத்தில். விளாங்குடிக் கூட்டாளி ஒருவன் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "மாப்ள, சிங்கம் சரி. நீ குளிக்கும்போதுகூட அம்புட்டு உசரம் போனதில்லையேடா?"

விடியற்காலையில் வைகை மணலில் போய் நின்று கத்திப் பார்த்தேன். நாலரையிலேயே குரல் இரண்டாகப் பிளந்தது. காய்ச்சல் என்று ஆள் அனுப்பிவிடலாமா? முதல் நாடகத்துக்கே வராதவனை அப்புறம் எவரும் கூப்பிட மாட்டார்கள். வந்து குரல் உடைந்தவனையும் கூப்பிட மாட்டார்கள். இரண்டு பக்கமும் சுவர்.

நாடகத்தன்று ராத்திரி முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டிருந்தபோது ஆர்மோனியக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "தம்பி, தப்பா நினைக்காதீங்க. குறப்பெண்ணா நடிக்கிற அந்தம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு. கொஞ்சம் இறங்கிப் பாடுவீங்களான்னு கேக்கச் சொன்னாங்க."

"எம்புட்டு இறங்கணும்?"

"நாலுக்கு. உங்களுக்குக் கஷ்டந்தான்."

கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் கண்ணாடியைப் பார்த்தேன். "அக்காவுக்காகப் பாடுறேன்" என்றேன். அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அந்த ஆர்மோனியத்தைக் கும்பிட்டிருக்க வேண்டும்.

மேடையில் எனக்குக் கிழவர் வேஷம். தினைப்புனம் காக்கும் குறப்பெண்ணின் மனதைச் சோதிக்கச் சாமியே கிழவராக வரும் காட்சி அது. இரண்டு பாட்டு நன்றாகவே போனது. அந்த நன்றியில் அந்த அம்மா மைக் முன்னால் வந்து நின்றார்.

"ஐந்தரைக் கட்டைக்காரர், எனக்குத் தொண்டை சரியில்லைன்னு நாலுக்கு இறங்கி வந்திருக்காரு. எல்லாரும் ஒரு தடவை கை தட்டுங்க."

தட்டினார்கள். முன்வரிசையில் துண்டைத் தலையில் கட்டியிருந்த ஒருவர் எழுந்தார். "அப்ப அண்ணே தனியா ஒரு பாட்டு அஞ்சரையில பாடட்டும். போஸ்டரப் பாத்துத்தான் வண்டி கட்டி வந்திருக்கோம்."

ஆர்மோனியக்காரர் உடனே சுருதியை ஏற்றிவிட்டார். ஒட்டுத்தாடி வியர்வையில் வழுக்கியது. பாடினால் மானம் போகும் என்று தெரியும். அதனால் பேசினேன்.

"ஐயா, அஞ்சரைன்னு சொன்னது நான்தான். இந்த நாடகம் கிடைக்கணும்னு சொன்னேன். எனக்கு வாரது நாலுதான்."

கமிட்டிக்காரர் ஓரத்திலிருந்து முறைத்தார். அந்த அம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "அடப் பாவி, உங்க அஞ்சரைக்குப் பயந்து மூணு நாளா மிளகுக் கசாயம் குடிச்சேனே" என்றார், மைக்கிலேயே.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. துண்டுக்காரர் இன்னும் உட்காரவில்லை. "சாமியே பொய்யிக் கிழவனாத்தான வந்திருக்கு" என்றார். "சரி, நாலுலயே பாடுங்க. ஆனா முழுசாப் பாடணும்."

சுருதி இறங்கியது. இத்தனை நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல்லும் கூடவே இறங்கியது. தாடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு பல்லவியை எடுத்தேன். ஒரு வரிகூட விடாமல் பாடினேன்.