வில்ஃப் அக்ராய்டின் ஜில்லென்ற பரண்

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு பிரெண்டாவின் தங்கை பாலின் கனடாவிலிருந்து வருவதாக இருந்தது. அவளைத் தங்கவைக்க இருந்த ஒரே இடம் மாடியில் உள்ள சின்ன அறை. அது முழுக்க பிரெண்டாவின் கணவர் வில்ஃபின் சாமான்கள்: கூடாரம், தூண்டில்கள், பாடாத ரேடியோக்கள், கம்பி முறிந்த குடைகள்.

“படுக்க இடமில்லன்னா அவ எங்க அண்ணன் வீட்டுக்குத்தான் போவா. அப்புறம் ஆயுசு பூரா அண்ணி அதயே சொல்லிக் காட்டுவா,” என்றாள் பிரெண்டா.

வில்ஃப் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கூரைக்கடியில் இருந்த பரணுக்குத் தரை போட்டு எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். மகள் ஜனீன் கட்டடப் பொறியாளர். போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“குளிருக்குப் போடற கண்ணாடிப் பஞ்ச பலகைய வச்சு அமுக்கிடாதப்பா. அமுங்கிட்டா பஞ்சு போட்டதே வீண்.”

“எனக்கே பாடமா?” என்று முறுக்கிக்கொண்டாலும் அப்படியே செய்தார். உத்தரங்களுக்கு நடுவே கண்ணாடிப் பஞ்சை விரித்தார். குறுக்கே இன்னொரு அடுக்கு. கூரையோரத்தில் காற்றுப் போக இடைவெளி. உத்தரங்களில் பிளாஸ்டிக் கால்களைத் திருகி, பஞ்சில் படாத உயரத்தில் பலகைகளைப் பூட்டினார். உடம்பெல்லாம் அரிப்பு. ஆனால் ஒரு பலகைகூட ஆடவில்லை.

முடித்த பிறகு சாமான்களை ஏற்ற அவருக்கு மனசு வரவில்லை. மடக்கு நாற்காலியையும் டீ பிளாஸ்க்கையும் மேலே கொண்டுபோய் உட்கார்ந்துவிட்டார்.

“பெட்டியெல்லாம் எப்ப ஏறும்?” ஏணியடியில் நின்று பிரெண்டா கத்தினாள்.

“இவ்வளவு அழகான தரையில முறிஞ்ச குடையப் போடச் சொல்றியா?”

“அப்ப பாலின் உன் தூண்டில் மேல படுத்துக்கட்டும்.”

“அவ உன்கூட நம்ம ரூம்ல படுக்கட்டும். நான் இங்க படுத்துக்கறேன். இத்தன பஞ்சு போட்டிருக்கேன், அடுப்படியாட்டம் கதகதன்னு இருக்கும் பாரு.”

பிரெண்டா மகளுக்கு போன் போட்டாள். ஜனீன் சிரித்துவிட்டாள். “பஞ்சு சூட்ட வீட்டுக்குள்ளயே பிடிச்சு வச்சுக்கும்மா, மேல விடாது. பரண் முன்னவிட ஜில்லுன்னு ஆயிடும். அப்பாகிட்ட சொல்லு.”

“நான் எதுக்குச் சொல்லணும்?” என்று பிரெண்டா போனை வைத்தாள்.

பாலின் வருவதற்கு முந்தின இரவு, ஒத்திகை என்று வில்ஃப் பரணில் படுத்தார். காலையில் இரண்டு கோட்டு, கம்பளித் தொப்பி, பிரெண்டாவின் சால்வை எல்லாவற்றோடும் மூக்குச் சிவக்க இறங்கி வந்தார். பிரெண்டா ரொட்டி வாட்டி முடிப்பதற்குள் முதல் பெட்டி ஏணி ஏறிவிட்டது. பாலின் வந்து சேர்ந்தபோது சின்ன அறையில் புது விரிப்போடு கட்டில் காத்திருந்தது.

இந்தப் பிப்ரவரியில் வில்ஃப் இறந்துபோனார். அடக்கம் முடிந்த மறுநாள் ஜனீன் பரணில் ஏறி விளக்கைப் போட்டாள். இரு பக்கமும் பெட்டிகள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் போல வரிசை கலையாமல். நடுவில் கொஞ்சம் இடம் விட்டு, அதில் அந்த மடக்கு நாற்காலி.

பலகைகளை மிதித்துப் பார்த்தாள். ஆடவில்லை. கூரையோரத்து இடைவெளியில் கையை நீட்டினாள். காற்று வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள். மூச்சு வெள்ளையாகப் புகைந்தது.

“மேல எப்படிடி இருக்கு?” பிரெண்டா கீழேயிருந்து கேட்டாள்.

“விறைக்குதும்மா.”

“அப்ப சரியாத்தான் போட்டிருக்காரு. இறங்கி வா, டீ ஆறுது.”

“பிளாஸ்க்ல ஊத்தி மேல குடும்மா.”