தலைவரின் தொண்டையும் எங்கள் ஹாக்கி அணியும்

இன்று நானுஓயா பஸ்ஸில் எங்கள் ஹாக்கி கிளப் தலைவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கண்டாக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

சீசன் தொடக்கத்தில் தோற்றுக்கொண்டே இருந்த அணி இப்போது வரிசையாக ஜெயிக்கிறது.

"எப்படிங்கய்யா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"எல்லாம் நான் குடுத்த ஊக்கந்தான் தம்பி" என்று ஆரம்பித்தவர், போன் வந்த பிறகுதான் நிறுத்தினார்.

பின்சீட்டில் இருந்த எங்கள் கோல்கீப்பர் என் காதருகே குனிந்தான்.

"அண்ணே, மேட்சுக்கு முந்தி எங்கள தோட்டத்துல காலைப் பெரட்டுல வேலைக்கு ஆள் கணக்கெடுக்க நிறுத்துற மாதிரி வரிசையா நிக்க வச்சுப் பேசுவாரு. பனியில கை காலெல்லாம் வெறச்சுப் போயிரும். நடுவுல அவருக்குத் தொண்ட கட்டிக்கிச்சு. அன்னையிலேருந்துதான் ஜெயிக்கிறோம்."

"இப்ப?"

"நல்லாயிருச்சுண்ணே. ஞாயித்துக்கிழம ஃபைனல்."

அழாத குறையாகச் சொன்னான்.

நுவரெலியாவில் இறங்கியதும், அந்தக் குளிரில், தலைவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கப். ரசித்துத்தான் சாப்பிட்டார்.

நான் தலைவருக்கு ஐஸ் வைக்கிறேன் என்று பார்த்தவர்கள் சிரிக்கிறார்களாம்.

ஆமாம், வைத்தேன். அணி ஜெயிக்க வேண்டுமென்றால் ஞாயிறு வரை நீங்களும் ஆளுக்கொரு கப் வையுங்கள்.

நாளைக்கு யார்?