செங்கல் தின்ற அக்கா

நறநறவென்ற அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல் கூசுகிறது. ஆம்பூரில் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் ஓடும் கால்வாயை ஒட்டிய எங்கள் தெருவில், என் அக்கா செங்கல் தின்னும் சத்தம் அது. கழிப்பறை கட்ட இறக்கி, கொத்தனார் வராமல் மாதக்கணக்கில் வீட்டோரம் கிடந்த செங்கல். தெருநாய்கள் அதன்மேல் காலைத் தூக்கிவிட்டுப் போகும். ஆட்டுப் புழுக்கை ஒட்டியிருக்கும். மழை பெய்தால் கால்வாய்த் தண்ணீர் ஏறி அடிவரிசை ஊறும். இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லித் தடுத்துப் பார்த்தேன். அக்காவோ ஒரு மூலையை உடைத்து, தாவணியில் துடைத்து வாயில் போட்டுக்கொண்டு, "மழ வாசனடி, ஒரு கடி கடிச்சுப் பாரேன்" என்று பல்லிடுக்கில் சிவப்புச் சேறு தெரியச் சிரிப்பாள்.

எனக்கு அப்போது பத்து வயது. பத்தொன்பது வயது அக்காவுக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. தை மாதம் ஆலங்காயத்து மாப்பிள்ளையோடு கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

ஒருநாள் ரசம் சோற்றில் அக்காவின் விரலிலிருந்து செங்கல் தூள் கரைவதைப் பார்த்ததும் வாசலுக்கு ஓடி வாந்தியெடுத்தேன். தண்ணீர் கொண்டுவந்த எதிர்வீட்டு அத்தையிடம் ஆத்திரத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன்: கல் தின்கிறாள், தலை சுற்றுகிறது என்று படுத்துக்கொள்கிறாள், காலையில் சோற்றைத் தொடுவதே இல்லை.

அன்று மாலையே அத்தை அம்மாவிடம் வந்து சொன்னாள்: "மண்ணு மேல ஆச, தல சுத்தல். இது இன்னான்னு நான் வேற சொல்லணுமா?"

"மசக்கை" என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா அக்காவைப் பிடித்து உலுக்கினாள். "யார்டி அவன்? கம்பெனில இருக்கிறவனா?"

"இன்னாம்மா, செங்கல்ல கடிச்சா புள்ள வந்துடுமா?" என்று அக்கா சிரித்தாள். அறை விழுந்தது. அந்த மாதம் அவளுக்கு நாள் தள்ளியும் போயிருந்ததால் அம்மா பாவாடையைத் தளர்த்தி அடிவயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். அத்தை பக்கத்தில் நின்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். நாய் மூத்திரமும் செங்கல்லும்கூட மறந்துபோகும். அம்மாவின் அந்த விரல்களை நினைத்தால்தான் எனக்கு இன்னும் குமட்டுகிறது.

தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று ஜோலார்பேட்டைக்கு பஸ் ஏறினோம். அங்கிருந்த டாக்டரம்மா அக்காவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், ரத்தம் சோதித்தார். "புள்ளயும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரத்தம் ஆறு கிராம்தான் இருக்கு. இரும்புச்சத்து கொறஞ்சா இப்டிக் கண்டதயும் திங்கச் சொல்லும்" என்றார்.

மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் கல் ஆசை போய்விட்டது. "நான் அப்பவே சொன்னேன், ரத்தந்தான் கம்மின்னு" என்றாள் அத்தை. ஆனால் அவள் முதலில் சொன்னது ஏற்கெனவே ஆலங்காயம் போய்ச் சேர்ந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் திரும்ப வரவே இல்லை. அம்மா தினமும் முருங்கைக்கீரை சமைத்தாள், ஞாயிறுதோறும் சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரலை வறுத்தாள். ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது கால்வாயை மூடிச் சாலை போட்டுவிட்டார்கள், அத்தையும் இல்லை. நான் வேலூரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறேன். வெளிறிய முகத்தோடு பெண்கள் வந்தால், கூட வந்த அம்மாக்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் ஊசியை எடுப்பேன். போன வாரம் வந்த பெண் குனிந்துகொண்டே, "சாக்பீஸ் திங்கிறேன்க்கா" என்றாள். முடிவுத்தாளில் ரத்தம் ஏழு கிராம் என்று வந்தது.

கதவைத் திறந்து அவள் அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னா சொன்னா உங்ககிட்ட?"

"ஒண்ணும் சொல்லலம்மா. ரத்தம் கம்மியா இருக்கு, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று தாளை நீட்டினேன்.