வண்டிப் படம் போட்ட தாள்

இந்த ஊரில் பழைய பத்திரிகையைத் தொடுவதற்குக் கையுறை மாட்டிக்கொள்கிறார்கள். முதல் நாள் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இங்கிலாந்தில், கவென்ட்ரி பக்கத்தில், பழைய மோட்டார் சைக்கிள் பத்திரிகை சேர்ப்பவர்களின் சங்கத்தில் இப்போது நானும் உறுப்பினர். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் டிக்கியைத் திறந்து வைத்துப் பழைய சாமான் விற்பார்கள். கார் பூட் சேல் என்று பெயர். அந்த ஆண்கள் கூட்டத்தில் முண்டியடித்து நான் பொறுக்கியவை அலமாரியில் நிறைந்து கிடக்கின்றன. ஆனால் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சிக்கு அவற்றில் எதையும் எடுத்துப்போகவில்லை. ஊரிலிருந்து சேலை மடிப்பில் வைத்துக் கொண்டுவந்த ஒன்றைத்தான் எடுத்துப்போனேன்.

சங்கத்தை நடத்தும் ஆலன் நல்ல மனுஷர்தான். தாளுக்குத் தாள் எண்ணெய்க் கறையையும் நடுவில் ஓட்டையையும் பார்த்து முகம் சுருங்கிப்போனார். யார் இப்படிப் பாழாக்கியது என்றார். அம்மா என்றேன். பாவம், எத்தனை நாளாக இப்படி என்று என் தோளைத் தட்டினார். அம்மாவுக்குச் சித்தம் கலங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

அம்மா கரும்பு வெட்டும் கூலி. வேலை முடிந்து தியாகதுருகம் திரும்பும்போது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் எனக்குப் போண்டா வாங்குவாள். பழைய பேப்பர் கட்டோடு அந்தக் கடைக்கு ஓர் இங்கிலீஷ் பத்திரிகை எப்படியோ வந்திருந்தது. கடைக்காரர் அதைப் பிரித்துக் கம்பியில் குத்தி மாட்டியிருந்தார். போண்டா கட்டிவந்த முதல் தாளை நான் துடைத்துப் பாய்க்கடியில் வைத்ததைக் கவனித்த அம்மா, மறுநாளே அவரிடம் சொன்னாள்.

"அண்ணா, வண்டிப் படம் போட்ட தாள்ல கட்டிக் குடுங்க. பொண்ணு கேட்டுக்கினே கீது."

எழுதப் படிக்கத் தெரியாதவள், படத்தைப் பார்த்துப் பார்த்து வாங்கிவந்தாள். நான் பக்க எண் பார்த்து அடுக்கினேன். பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு வண்டிப் பொஸ்தகம் என்று மாமா கேலி செய்தார். "அது படிக்கிது. உனுக்கு இன்னா கம்மியாப் போச்சு?" என்றாள் அம்மா. ஒரே ஒரு தாள்தான் தப்பிவிட்டது. வெள்ளிமலை பஸ்ஸுக்கு நின்ற யாருக்கோ அதில் வடை கட்டிக் கொடுத்துவிட்டாராம் கடைக்காரர். அன்றைக்கு அம்மா அவரோடு சண்டையே போட்டாள்.

ஆலன் அதே இதழை முழுசாக, அழுக்கில்லாமல் கொண்டுவந்து நீட்டினார். இதை வை, அதைத் தூக்கிப் போட்டுவிடு என்றார். எனக்குச் சுருக்கென்றது. இதற்கு மேஜையில் இடமில்லையென்றால் எனக்கும் இங்கே இடம் வேண்டாம் என்றேன். மேஜையில் ஓர் ஓரத்தை ஒதுக்கித் தந்தார். முன்னால் வைக்கும் பெயர் அட்டையில் 'சேதமடைந்தது' என்று எழுதினார். அதை அடித்துவிட்டு, 'கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பதிப்பு' என்று நான் எழுதினேன்.

அப்படியும் அவருக்கு மனசு கேட்கவில்லை. காணாமல் போன தாளையாவது நகலெடுத்துச் செருகட்டுமா என்றார். அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"வேற தாளு இன்னாத்துக்கு? நம்முளுது மலைமேல எங்கனா கெடக்கும். நீ ஒண்ணியும் சொருவாத."

செருகவில்லை. விட்டுப்போன அந்த இடத்தில் பத்திரிகையை விரித்து வைத்தேன். இரண்டு பக்கத்துக்கும் நீண்ட வண்டிப் படம் அது. முன்சக்கரம் மட்டும் கவென்ட்ரியில் இருக்கிறது. பின்சக்கரம் வெள்ளிமலை பஸ் ஏறிப் போய்விட்டது.