இரண்டு ஓலைக்கு நடுவே ஒரு குரங்கு

என் தங்கையின் கல்யாணத்தை 1996 மே 14 அன்று வைக்க வேண்டும் என்று வாதாடித் தோற்றேன். 1796-ல் அதே தேதியில்தான் இங்கிலாந்தின் கிராமத்து மருத்துவர் ஒருவர், பால் கறக்கும் பெண்ணின் கையில் இருந்த மாட்டம்மைக் கொப்புளத்தின் நீரைத் தன் தோட்டக்காரர் மகனின் கையில் கீறி வைத்தார். உலகம் முழுக்க அம்மை குத்தும் வழக்கம் பரவியது அதற்குப் பிறகுதான். எங்கள் வீட்டில் அத்தனை பேர் புஜத்திலும் அந்த நாளின் முத்திரை காசளவு வட்டமாக இருக்கிறது. இருநூறாம் ஆண்டு நிறைவில் ஒரு கல்யாணம் நடந்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டேன்.

"அது செவ்வாக்கிழமைப்பா," என்றார் அம்மா.

"நாமதான் நாள் நட்சத்திரம் பாக்கிறதில்லையே."

"பாக்கிறதில்லை. ஆனா செவ்வாய் வேணாம்."

நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். ஜாதகம் கிடையாது, பொருத்தம் கிடையாது. ஆனாலும் காரைக்குடியில் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமைதான். கல்யாணம் மறுநாள் புதன்கிழமைக்குப் போனது. வீட்டில் எனக்கு ஏற்கெனவே 'காலண்டர்' என்று பட்டப்பெயர் இருந்தது. அந்தப் பஞ்சாயத்துக்குப் பிறகு அது மாப்பிள்ளை வீடு வரை எட்டிவிட்டது.

ஜாதகம் இல்லாத எங்களுக்கு ஓலை உண்டு. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசைகளில் சாமியார் மணமக்கள் பெயரை வாசித்து, இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார். யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் மூன்றாவது ஓலை வாசித்து முடியும்வரை பெண்ணைப் பெற்றவர்கள் மூச்சை அடக்கியபடிதான் உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறன்று, கூறைப்புடவை விஷயம் பேச தேவகோட்டையிலிருந்து மாப்பிள்ளையின் அத்தை வந்திருந்தார். மாப்பிள்ளைக்கு அப்பாவின் அக்கா. கணவர் இறந்தபின் தம்பி வீட்டோடு இருப்பவர். மாப்பிள்ளையைத் தூக்கி வளர்த்தது அவர்தான். அந்த வீட்டில் அவர் தலையசைக்காமல் குழம்புகூடக் கொதிக்காது. தேர்தல் நேரம், தெருவில் ஒலிபெருக்கி ஓயவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு அம்பாசிடர் கார் வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய இருவரும் வேர்த்து வழிந்தார்கள்.

"டீச்சர் வீடு இதுதானுங்களா? ஓ நெகட்டிவ் டீச்சர்?"

என் தங்கை பள்ளி ஆசிரியை. பயிற்சிக் கல்லூரி முகாம் ஒன்றில் ரத்தம் கொடுத்ததிலிருந்து அவளுக்கு ஆஸ்பத்திரிகளில் அதுதான் பெயர். இளையாத்தங்குடிப் பெண் ஒருத்திக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லையாம். தங்கை மடியிலிருந்த புடவையைத் தள்ளிவிட்டு, செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டே காரில் ஏறிப் போய்விட்டாள்.

அத்தையின் முகம் மாறியிருந்தது. "என்ன சொன்னாக இப்ப? என்ன நெகட்டிவ்?" என்றார்.

யாராவது எதையாவது விளக்கச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருப்பவன் நான். 1901-ல் தொடங்கினேன். வியன்னாவில் ஒரு மருத்துவர் தன் ரத்தத்தையும் கூட வேலை பார்த்தவர்களின் ரத்தத்தையும் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்தார். சில சேர்ந்தன, சில பால் திரிவதுபோலத் திரிந்து கட்டின. அப்படித்தான் ரத்தம் வகை பிரிந்தது. அந்தக் காலத்தில் அவர் ஓ வகையை சி என்றுதான் குறித்திருந்தார் என்பதையும் விடாமல் சொன்னேன். அம்மா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் 1940-க்கு வந்தேன்.

"ஒரு ஜாதிக் குரங்கோட ரத்தத்தை முயலுக்கு ஏத்துனாங்க அத்தை. அந்த முயல்ல ஊறுன சீரத்தை மனுச ரத்தத்துல விட்டா, பெரும்பாலானவங்களுக்குக் கட்டுது. அந்தக் குரங்குல இருக்கிற ஏதோ ஒண்ணு மனுசங்ககிட்டயும் இருக்குன்னு முடிவு பண்ணுனாங்க. இருந்தா பாசிட்டிவ். இல்லாட்டி நெகட்டிவ். தங்கச்சிக்கு இல்லை. மாப்பிள்ளைக்கு என்னன்னு தெரியுமா?"

"பாசிட்டிவ்," என்றார் அத்தை மெதுவாக. "பேட்டரி ஏத்துன வண்டி கவுந்து தையல் போட்டப்ப எழுதிக் குடுத்தாக."

"அப்ப அவருக்கு இருக்கு," என்றேன் உற்சாகமாக.

அத்தை காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பாதிக் காப்பி அப்படியே இருந்தது. "நான் கெளம்புறேன்," என்று எழுந்தார். அம்மா வாசல்வரை கெஞ்சிக்கொண்டே போனார். அத்தை திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

"எம்புட்டுப் படிச்சாலும்," என்று அம்மா என்னிடம் தொடங்கி, "மாப்பிள்ளை வீட்டுக்காரவுகளப் பாத்துக் குரங்குன்னா சொல்லுவ?" என்று முடித்தார்.

செவ்வாய்க்கிழமைக்குள் செய்தி இரண்டாகப் பிரிந்து ஓடியது. தேவகோட்டையில், பெண்ணுக்கு ரத்தத்தில் ஏதோ ஒன்று இல்லையாம். எங்கள் தெருவில், மாப்பிள்ளைக்கு ரத்தத்தில் குரங்கு இருக்கிறதாம். அரியக்குடியில் இருந்து பால் கொண்டுவருபவர் அனுமாரைக் கும்பிடுகிறவர். அவர் மட்டும், "இதுல என்னங்க தப்பு இருக்கு?" என்று கேட்டார்.

அன்று மாலையே மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அவருக்கு தேவகோட்டையில் லாரி, டிராக்டர் பேட்டரிகள் விற்று, சார்ஜ் செய்து தரும் கடை. விரல் நுனியெல்லாம் ஆசிட் பட்டுக் கறுத்திருக்கும்.

"மச்சான், மூணாவது ஓலையை வாசிக்க வேணாம்னு அத்தை சொல்றாக. எதுக்குன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறாக. எனக்கு இதுல ஒண்ணும் இல்ல. நெகட்டிவ் இல்லாம எந்த பேட்டரி மச்சான் ஓடுது?"

கதவுக்குப் பின்னால் நின்ற தங்கை சிரித்துவிட்டாள். உடனே அழவும் செய்தாள். அத்தை சம்மதிக்காமல் அந்த வீட்டில் காலெடுத்து வைக்க மாட்டேன் என்றாள். மாப்பிள்ளையும், அத்தையை மீறிக் கல்யாணம் செய்ய மாட்டேன் என்றுதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்று தெரிந்தாக வேண்டும்.

மறுநாள் அண்ணனும் தங்கையும் தேவகோட்டை பஸ் ஏறினோம். வழி முழுக்க அவள் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள். "அண்ணே, நான் சொல்ற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது."

அத்தை எங்களை உட்காரச் சொன்னார். காப்பி கொடுத்தார். அவரே ஆரம்பித்தார்.

"தம்பி, நீங்க குரங்குன்னு சொன்னதுக்குக் கோவிச்சுக்கிட்டேன்னு ஊர்ல பேசிக்கிறாகளாம். அதெல்லாம் இல்ல. நான் வளத்த பயலை எனக்குத் தெரியாதா, அவன் குரங்குதான்." பிறகு தங்கையைப் பார்த்தார். "எனக்கும் அதே நெகட்டிவ்தான் ஆத்தா. மூத்தவ நல்லாப் பொறந்தா, திருச்சியில இருக்கா. அதுக்கப்புறம் பொறந்த ரெண்டும் மஞ்ச மஞ்சேர்னு வந்துச்சு. நிக்கல. புருசன் ரத்தமும் ஓன் ரத்தமும் சேரலைன்னு மதுரை பெரியாஸ்பத்திரியில சொன்னாக. நெகட்டிவ், நெகட்டிவ்னு அங்க கேட்டதுதான். அதுக்கப்புறம் அந்த வார்த்தையை ஓங்க வீட்டுலதான் கேட்டேன். ஒம்மேல எனக்குக் கொறை ஒண்ணும் இல்ல. நான் பட்டதை நீ படணுமா?"

தங்கை நாற்காலியை விட்டு எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இப்ப அதுக்கு ஊசி இருக்கு அத்தை. ரத்தம் குடுக்கப் போனப்ப டாக்டரம்மாட்ட கேட்டுட்டேன். புள்ளை பாசிட்டிவா பொறந்தா மூணு நாளுக்குள்ள தாய்க்கு ஒரு ஊசி. அடுத்த புள்ளைக்கு ஒண்ணும் வராதாம்."

"ஊசியா?" அத்தை நம்பவில்லை. "எப்பருந்து?"

தங்கை என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். என் வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் தானாக என்னிடம் தேதி கேட்டிருக்கிறார். நானோ காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டு மழுப்பினேன்.

"அது... கொஞ்ச காலமா இருக்கு அத்தை."

"கொஞ்ச காலம்னா? காலண்டர்னு எம் மருமகன் சொன்னான்."

"வெளிநாட்டுல அறுபத்தெட்டு," என்றேன். "நம்ம ஊருக்கு வந்து சேர அதுக்கு மேலயும் ஆயிருக்கும்." அது இங்கே வந்த ஆண்டை நான் பிறகு எவ்வளவோ தேடினேன். இன்றுவரை உறுதியாகக் கிடைக்கவில்லை.

அத்தை விரல் விட்டு எண்ணவில்லை. எண்ணத் தேவையும் இருக்கவில்லை. "என் கடைசிப் பய அறுபத்தாறு. மாதா பொறந்த நாளுக்கு மறுநாள்," என்றார். சற்றுக் கழித்து, "அவசரக்காரப் பய," என்றார்.

தெருவில் பழைய இரும்புக்காரர் கூவிக்கொண்டு போனார். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழைய குரலில் கேட்டார்: "அந்த ஊசி எங்குட்டு விக்குது?"

"மதுரையில கெடைக்கும்னு சொன்னாக."

"அப்ப அந்தப் பொறுப்பு என்னுது. வேற ஒருத்தரும் அதுல தலையிடக் கூடாது. சாமியார்ட்ட மூணாவது ஓலையை வாசிக்கச் சொல்லுங்க."

கல்யாணம் மே 15 அன்று நடந்தது. முந்தின நாள், பந்தல்காரரிடம் இருநூறு ஆண்டு நிறைவைப் பற்றி எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாழைமரம் எந்தப் பக்கம் கட்ட வேண்டும் என்று கேட்டார்.

மறு வருடம் ஜூன் மாதம், தங்கைக்குப் பிரசவம் காரைக்குடியில். வலி எடுத்த செய்தி கேட்டதும் அத்தை மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டார். ஊசி மருந்து குளிர்ச்சியில் இருக்க வேண்டும் என்று கடையில் சொன்னார்களாம். வாய் அகன்ற தெர்மாஸ் ஃபிளாஸ்க் நிறைய ஐஸ் போட்டு, நடுவில் மருந்தை வைத்து, குழந்தையைப்போல மடியில் ஏந்திக்கொண்டு திரும்பி வந்தார். கண்டக்டர் ஃபிளாஸ்க்கை மேலே வைக்கச் சொன்னதற்கு அவருக்கு விழுந்த திட்டு தனிக்கதை.

பெண் குழந்தை. தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்துவிட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். "குழந்தையும் நெகட்டிவ். ஊசியே தேவையில்லை."

அத்தைக்குக் கோபம். "தேவையில்லையா? ஐஸுக்காக எத்தனை கடை ஏறி எறங்குனேன் தெரியுமா?" டாக்டரம்மா சிரித்துக்கொண்டே ஃபிளாஸ்க்கை வாங்கி மருந்தைக் குளிர்பெட்டியில் வைத்தார். இரண்டு நாள் கழித்து அது அடுத்த அறைப் பெண்ணுக்குப் பயன்பட்டது. அத்தை அந்தப் பெண்ணுக்கும் காப்பி வாங்கிக் கொடுத்து, ஊசி போட்டு முடியும்வரை பக்கத்தில் நின்றார்.

அதற்குமுன், குழந்தை பிறந்த அன்றே தொட்டிலைச் சுற்றி எல்லோரும் நின்றபோது நான் தொண்டையைச் செருமினேன். 1866-ல் நம் திருச்சபைத் துறவி ஒருவர், பட்டாணிச் செடிகளை வைத்து...

"அண்ணே," என்றாள் தங்கை கட்டிலிலிருந்து.

"சொல்லட்டும் விடு. பட்டாணிக்கு என்ன?" என்றார் அத்தை.

"ரெண்டு பக்கமும் இருந்து வந்தாத்தான் புள்ளை நெகட்டிவ் ஆகும் அத்தை. அம்மா பக்கம் சரி. அப்பா பக்கமும் யாரோ ஒருத்தர்ட்ட இருந்து, மாப்பிள்ளைக்குள்ள ஒளிஞ்சு வந்திருக்கு."

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு குனிந்து, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் மூக்கை, நெற்றியை, கால்விரலைக்கூட ஆராய்ந்தார். நிமிர்ந்து தன் மருமகனைப் பார்த்தார்.

"நீ குரங்காவே இருந்துட்டுப் போடா," என்றார். "இது என்னையக் கொண்டு பொறந்திருக்கு."