அருங்காட்சியகத்தில் ஒரு பெரட்டு

காலை பத்து மணி பத்து நிமிடம். ஈப்போவில் இருந்த ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் வாசலில் நான் முதலில் பார்த்தது செருப்புகளை. ரப்பர் செருப்புகளும், பெண்கள் தொழிற்சாலைக்குப் போட்டுப் போகும் கறுப்புச் சப்பாத்துகளும் படிக்கட்டுக்குக் கீழே கோயில் வாசலில் கிடப்பதுபோலக் கிடந்தன. கழற்றும்படி யாரும் சொல்லவில்லை. போட்டுக்கொண்டே வரலாம் என்று மலாய் மொழியில் சொல்லிப் பார்த்த காவலாளி, கடைசியில் தன் சப்பாத்தையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை அது. தமிழ் நாளிதழ் ஒன்றுக்குச் செய்தி எழுத நான் போயிருந்தேன். வந்திருந்தவர்கள் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள், கத்தியால் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர்கள். தோட்டம் துண்டுபோட்டு விற்கப்பட்டபின் ஊருக்கு வெளியே ஜெலாப்பாங் பக்கம் குடிவந்து, அங்கேயே தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

கண்காட்சியை அமைத்தவர் ஈயச் சுரங்க ஊரான லகாட்டில் பிறந்த சீனப் பெண்மணி, பள்ளியில் ஓவிய ஆசிரியை. மரத்தில் பால் பிடிக்கும் மங்குகள், பால் வாளிகள், ஈயம் அலசும் மரத்தட்டுகள் எல்லாவற்றையும் கூரையிலிருந்து கம்பியில் தொங்கவிட்டிருந்தார். நடுவில் ஒரு தண்டவாளத் துண்டு. வருகிறவர்கள் தட்டினால்தான் கண்காட்சி, தட்டாவிட்டால் அது பழைய சாமான் கடை என்றார். வேலை மாறினால் மனிதர்களின் காதில் விழும் ஓசையும் மாறுகிறது. பழைய ஓசையைக் கேட்டவர்களே வந்து அதை இசையாக வாசிக்கட்டும் என்பது அவருடைய திட்டம்.

அந்தத் தண்டவாளம் தோட்டத்திலிருந்து வந்தது. விடியுமுன் அதை அடித்தால் எல்லோரும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும். பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்கள். அடிக்கும் உரிமை வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோருக்கு மட்டும்தான். ஒரு நாளாவது அதை வேறொருவர் தொட்டதாக யாருக்கும் நினைவில்லை.

ஐம்பது வயதுள்ள ஒரு அக்கா என் அருகில் வந்தார். "பேப்பர் தம்பி, நான் இதெல்லாம் பாக்க வரலைலா. அந்தத் தண்டவாளத்த ஒரு அடி அடிச்சிட்டுப் போலாம்னு வந்தேன்."

ஏன் என்று கேட்டேன்.

"பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஒரு நாள் கொஞ்சம் பிந்திட்டேன். மண்டோரு திருப்பி அனுப்பிட்டாரு. அன்னிக்கே நெனச்சேன், இத நான் ஒரு நாளு அடிக்கணும்னு."

ஆனால் தொடக்கிவைக்க அழைக்கப்பட்டிருந்தவர் அதே மண்டோர். வெள்ளைச் சட்டையில், தலையைப் படிய வாரி, சுத்தியலோடு நின்றார். ஆசிரியை தலையசைத்ததும் அடித்தார்.

அந்த ஓசை கூடம் முழுவதும் பரவியது. தண்டவாளத்தின் அதிர்வு நிற்பதற்குள் சுவரோரம் நின்ற அத்தனை பேரும் நகர்ந்து வரிசை கட்டிவிட்டார்கள். பால்மரம் வெட்டும் ஆட்கள் முன்னால், புல் வெட்டுகிறவர்கள் பின்னால், கை இரண்டும் பக்கத்தில். தோட்டத்தில் பிறந்த நானும் பேனாவோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஆசிரியை திகைத்துப் பார்த்தார்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "மண்டோரண்ணே, பேர் கூப்பிடலையா? நான் வந்திருக்கேன்லா."

முதலில் சிரித்தவர் மண்டோர்தான். பிறகு கூடமே சிரித்தது. ஒருவர் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா மட்டும் வரிசையை விட்டு வெளியே வந்து கையை நீட்டினார். "குடுங்கண்ணே."

"இது பொம்பளைங்க அடிக்கிறது இல்லம்மா. நீ அடிச்சா ஆளு வருமா?"

"யாரு வரணும் இப்போ? மரமும் இல்ல, பேர் எழுதுற கிராணியும் இல்ல. குடுங்க."

மண்டோர் ஆசிரியையைப் பார்த்தார். யாரும் அடிக்கலாம் என்று அவர் மலாயில் சொன்னார். மண்டோர் உடனே கொடுக்கவில்லை. சுத்தியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் கைப்பிடியை அக்காவின் பக்கம் திருப்பி நீட்டினார்.

"கனமா இருக்கும், பாத்து."

அக்காவின் முதல் அடி வாளியில் சொட்டு விழுந்ததுபோல இருந்தது.

"என்னக்கா, கத்தி மரத்துல ஆழமா எறங்கிரும்னு பயந்துட்டியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இருடா, வாரேன்," என்றார் அக்கா. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டாவது அடியை ஓங்கி அடித்தார். மங்குகள் எல்லாம் கம்பியில் ஆடின. ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்தன. அவர் திரும்பி நின்று, மண்டோரின் பழைய குரலிலேயே சொன்னார்: "பெரட்டு முடிஞ்சிருச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போலாம்."

ஒருவரும் போகவில்லை. அவர்களில் திருவிழாவில் தப்படிக்கும் ஒருவர் ஒரு வாளியைக் கழற்றி மடியில் கவிழ்த்துக்கொண்டார். மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்கள் மங்குகளைத் தட்டினார்கள். விரல்கள் அவர்களுக்கு வேகம். ஆசிரியை ஈயம் அலசும் மரத்தட்டைத் தட்டினார், தாளம் தப்பித் தப்பி. யாரோ அவர் மணிக்கட்டைப் பிடித்து நேர்ப்படுத்தினார்கள். அக்கா சுத்தியலை விடவில்லை. மூன்றாவது சுற்றில் மண்டோர் இன்னொரு வாளியைத் தேடி எடுத்துக்கொண்டார்.

பிற்பகல் ஷிப்டுக்கு ஏற்றிப்போகத் தொழிற்சாலை பஸ் வந்து வாசலில் ஹார்ன் அடித்தது. உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. ஓட்டுநர், வயதான மலாய்க்காரர், இறங்கி உள்ளே வந்தார். அவர் கையில் ஒரு பால் மங்கு, ஒரு குச்சி இரண்டையும் கொடுத்தார்கள்.

பஸ் ஜெலாப்பாங்குக்கு ஒரு மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தது.